தெரிஞ்ச ஆமா, பயந்த ஆமா

அந்தம்மா மரக்காணத்தில் டவுன் பஸ் ஏறினால் போதும், எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கருமேகப் படம் வந்து விழும். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. உப்பளம் இருக்கிற ஊர்களில் மேகத்தை விடக் கெட்ட செய்தி கிடையாது. ஒரு நல்ல மழை அடித்தால் பாத்தியில் விளைந்தது அத்தனையும் கரைந்து போகும். அதனால்தான் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அதைப் பார்த்ததும் பள்ளிக்குப் பள்ளி போர்டைத் துடைப்பார்கள், போன வாரத்துத் தேதியை அழிப்பார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வரிசைக்கு இழுத்து வருவார்கள்.

அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். மாதத்தில் சில நாள் எங்களைக் கூட்டி வைத்து வகுப்பு எடுப்பார். மற்ற நாட்களில் பள்ளி பள்ளியாகப் போய், நாங்கள் எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்று பார்ப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தப் பக்கத்து ஆசிரியர்களில் பாதிப் பேர் இப்போதும் முகத்தைச் சுளிப்பார்கள்.

எங்கள் பள்ளி அனுமந்தை போகிற வழியில், உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு நாள் குழுவில் மேகம் வந்தது. நானும் ஐந்தாம் வகுப்பை ஒழுங்குபடுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் வந்தது, போனது, யாரும் இறங்கவில்லை. நிம்மதியாகத் திரும்பினால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி, பாத்தி வரப்பு மேலேயே நடந்து, பின்பக்கம் சத்துணவுக் கூடத்து வழியாக வந்திருக்கிறார். புடவை ஓரமெல்லாம் சேறு.

"மேகம் போட்டாச்சா சார்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து குழுவில் இருந்த எல்லாரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களின் சந்தேகம் என் மேல்தான் விழுந்தது. அவர் அடிக்கடி வந்தது என் வகுப்புக்கு. நான் பிரம்மதேசத்து ஆள், இந்தக் கடற்கரைப் பக்கம் சொந்தபந்தம் கிடையாது. சந்தேகப்பட வசதியான ஆள்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று துழாவுகிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அவரிடம் எனக்கு உறுத்தியது ஒரு விஷயம். பார்வையிட வருகிற மற்றவர்கள் உட்கார்ந்த உடனே எழுத ஆரம்பிப்பார்கள். இவர் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. எழுதுகிறவரிடம் எட்டிப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். எழுதாத ஆள் எங்கே போய் என்ன சொல்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆனால் சந்தேகப்படுவதில் அவர் எங்கள் எல்லாருக்கும் அம்மா. பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரைக் கேட்பார், இந்த பஸ் எங்கெங்கே நிற்கும் என்று. உட்கார்ந்ததும் பக்கத்து சீட்காரரிடம் அதையே கேட்பார். டீக்கடையில் "பால் எப்ப காய்ச்சினது?" என்பார். "இப்பத்தாம்மா" என்று பதில் வந்தால், "இப்பன்னா எப்ப?" என்பார். கடைக்காரர் முறைப்பார். இவர் முறைப்பைக் கண்டுகொள்ளாமல் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார். அவரோடு டீ குடிக்கப் போவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வகுப்பில் அவருக்கு ஆகவே ஆகாத வார்த்தை 'புரிஞ்சுதா'. நாங்கள் ஒரு நாளைக்கு அதை எத்தனை தடவை கேட்கிறோம் என்பது அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. "புரிஞ்சுதா?" என்போம். "புரிஞ்சுது சார்" என்று ஒரே ராகத்தில் வரும். கடைசி பெஞ்சிலிருந்து அவர் எழுந்து வந்து, கத்தியதில் யார் அதிகமாகக் கத்தினார்களோ அந்தப் பிள்ளையிடம் குனிந்து, மிரட்டாமல் கேட்பார்.

"இது தெரிஞ்ச ஆமாவா, பயந்த ஆமாவா?"

பிள்ளை முழிக்கும். பிறகு அதற்கும் "ஆமா மிஸ்" என்று சொல்லும்.

அப்புறம்தான் அந்த வேலையை ஆரம்பித்தார். ஒரு நாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவரே வாய்ப்பாடு நடத்தினார். ஏழாம் வாய்ப்பாடு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எட்டு வந்ததும் போர்டில் ஐம்பத்து நான்கு என்று எழுதினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஏழு எட்டு?" என்று கேட்டார். போன வாரம் வரைக்கும் ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொன்ன பிள்ளைகள், கூரை அதிர "ஐம்பத்தி நாலு" என்றார்கள். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதே. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நல்ல பசங்க சார். அதான் பயமா இருக்குது."

"நான் போய்த் திருத்திடறேன் மேடம்."

"அழிக்காதீங்க. அது அங்கியே இருக்கட்டும்."

தப்பை எழுதிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கெட்டுப்போனால் யார் பொறுப்பு? இதை வேண்டுமென்றுதான் செய்தாரா, அல்லது நிஜமாகவே ஏழாம் வாய்ப்பாடு தடுமாறி, நான் நிமிர்ந்ததைப் பார்த்துச் சமாளித்தாரா? என் புத்தி இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது.

சில நாள் கழித்து மோனிஷா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண். மெலிந்த உடம்பு, கண் மட்டும் துறுதுறுவென்று இருக்கும். என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"சார், அந்த மிஸ் எழுதினது தப்பு சார்."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும் சார்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"மிஸ்ஸுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல சார்."

அடுத்த தடவை அவர் வந்தபோது இதைப் பெருமையோடு சொன்னேன். என் வகுப்பில் ஒரு பிள்ளையாவது தேறிவிட்டதே என்று. அவர் சிரிக்கக்கூட இல்லை. "காதுல சொன்னாளா? அப்ப இன்னும் வரல சார்" என்றார். "எல்லாரும் கேக்கற மாதிரி, எந்திரிச்சு நின்னு சொல்லணும்."

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு தப்பைப் பாடத்துக்குள் போட்டுவிட்டுத்தான் போனார். ஒரு தடவை சிலந்திக்கு ஆறு கால். ஒரு தடவை 'பள்ளி'யில் ஒற்றெழுத்தை விட்டு 'பளி'. மோனிஷாதான் முதலில் எழுந்து நின்றாள், பாவாடையைக் கசக்கிக்கொண்டே. பிறகு இன்னும் இரண்டு பேர். எழுந்து சொன்ன பிள்ளையை அவர் தட்டிக் கொடுக்க மாட்டார், கைதட்டச் சொல்ல மாட்டார். "ஏன் தப்பு?" என்று மட்டும் கேட்பார். காரணம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுத் திருத்துவார். அவ்வளவுதான். பிள்ளைகள் அவருக்குத் 'தப்பு மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர்கள் அதையே வேறு குரலில் சொன்னார்கள்.

எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று ஒரு தடவை பஸ் ஸ்டாப்பிங்கில் கேட்டேன். முன்பு ஒரு மீனவக் குப்பத்தில் வேலை பார்த்ததாகவும், திமிங்கலம் ஒரு மீன் என்று வருஷக் கணக்கில் சொல்லிக் கொடுத்ததாகவும் சொன்னார். "கடலுக்குப் போற வீட்டுப் பசங்க சார். அதுல சில பேருக்காவது தெரிஞ்சிருக்கும். ஒருத்தன் வாயத் தொறக்கல. நானே புஸ்தகத்துல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது.

மறுநாள் இதை எங்கள் எச்.எம்.மிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்கிட்ட அந்தம்மா ஒரு கிராமத்துல வேலை பாத்தப்ப பின்னக் கணக்கத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிச்சே. திமிங்கலம் எங்கேந்து வந்துது?" என்றார். இளகிய மனசு மறுபடியும் இறுகிவிட்டது. அடுத்த தடவை நேராகவே கேட்டுவிட்டேன்.

"மேடம், எச்.எம். கிட்ட வேற கதை சொன்னீங்களாமே?"

"பரவால்லியே, விசாரிச்சிருக்கீங்க" என்றார். எது நிஜம் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

எங்கள் எச்.எம். கெட்டவர் இல்லை. ஓய்வு பெறப் போகிறவர், தன் காலத்தில் பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்று நினைப்பவர். அவருக்கும் அந்தம்மாவுக்கும் முட்டிக்கொண்டது ஒரு பயிற்சி வகுப்பில்தான். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயம். மாடியில் ஒரு ஹால், வட்டாரத்து ஆசிரியர்கள் நாற்காலி போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அறிவியல் பாடம், நீர் ஆவியாதல். நீர் நூறு டிகிரிக்குக் கொதித்தால்தான் ஆவியாகும், அதற்குக் கீழே ஆவியாகவே ஆகாது என்று தொடங்கினார். போர்டில் எழுதிக் கீழே கோடும் போட்டார். அதை வைத்தே காலை முழுவதும் நடத்தினார். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கலாம் என்று எங்களைக் குழு குழுவாகப் பிரித்து விட்டார். நாங்கள் சார்ட்டில் அடுப்பு வரைந்தோம், பானை வரைந்தோம், நீராவிக்கு நீல கலர் அடித்தோம். ஒரு குழு பாட்டே கட்டிவிட்டது.

சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு வந்தோம். வந்து உட்கார்ந்ததும் அவர் ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பாத்தி. கரையோரம் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள்.

"அங்க எந்த அடுப்புல சார் காய்ச்சறாங்க?" என்று கேட்டார்.

நான் ஜன்னலையும் எங்கள் சார்ட்டில் இருந்த அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் வெயிலில் வற்றி உப்பாவதை தினமும் பைக்கில் கடந்து வருகிறவன் நான். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் அப்படித்தான். பின்னால் யாரோ சிரிக்க, எங்கள் எச்.எம். எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"வயசானவங்கள எல்லாம் உக்கார வச்சு முட்டாளாக்கறீங்களா மேடம்?"

"நான் ஆக்கல சார். காலையிலேந்து யாராவது எந்திரிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நம்மளே எந்திரிக்கலன்னா பசங்க எப்படி சார் எந்திரிப்பாங்க?"

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெளியே வந்ததும் எச்.எம். என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார். "கை கழுவற இடத்துல நான்தான் போய்ச் சொன்னேன், மேடம் காலையில சொன்னது தப்புன்னு. எல்லார் முன்னாடியும் சொன்னா மரியாதையா இருக்காதுன்னு தனியாச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் இந்த டிராமா. அதுக்கு நெஜமாவே தெரியாதுப்பா. தெரியாததை எல்லாம் சோதனைன்னு சொல்லித் தப்பிக்குது."

அவர் குழாயடியில் அந்தம்மாவிடம் பேசியதை நானும் பார்த்திருந்தேன். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. சொல்லப்போனால் அவர் அப்படித் தனியாகச் சொல்கிற ஆள்தான். அந்தம்மாவும் எதையும் நேராகச் சொல்லாத ஆள்தான். யாரை நம்புவது என்று தெரியாமல் பைக்கில் வந்து சேர்ந்தேன்.

புகார் மேலே போனது. தப்பான அறிவியலைக் கற்பிக்கிறார், ஆசிரியர்களை அவமானப்படுத்துகிறார், பிள்ளைகளைக் குழப்புகிறார். கையெழுத்துக் கேட்டார்கள். எச்.எம். முதல் ஆளாகப் போட்டார். நான் எந்தப் பக்கமும் சேராமல் நழுவிக்கொண்டேன். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து அவருடைய வகுப்பைப் பார்ப்பார் என்று முடிவானது. அதுவும் எங்கள் பள்ளியில், என் ஐந்தாம் வகுப்பில். வகுப்பு திருப்தியாக இருந்தால் அவரும் அவருடைய முறையும் தொடரும். இல்லாவிட்டால் பயிற்சிப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, எங்காவது ஒரு பள்ளிக்கு ஆசிரியராகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்று அவர் பள்ளி வாசல் வழியாகவே வந்தார். புடவையில் சேறு இல்லை. துணிப்பையைத் திறந்து சாக்பீஸ் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். அவருக்கும் பயம் வரும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

பாடம், நம் ஊர் வரைபடம். அதிகாரியும் எச்.எம்.மும் நாற்காலியில், நான் சுவரோரம். எங்கள் வகுப்பில் போர்டு தெற்குச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்து நின்றால் இடதுகைப் பக்கம் கடல், காற்றடித்தால் சத்தம்கூடக் கேட்கும். அவர் போர்டின் மேலே வடக்கு என்று எழுதினார். நடுவில் மரக்காணம், ரோடு, பாத்திகள். பிறகு இடது பக்கம் அலை அலையாக வரைந்து, கடல் என்று எழுதி, அதன் கீழே கிழக்கு என்றும் எழுதினார். அடுத்ததாக அனுமந்தையைக் குறிக்கப் போனார்.

மோனிஷா எழுந்து நின்றாள்.

"மிஸ், தப்பு."

"ஏன் தப்பு?" போர்டிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"மேல வடக்குன்னு போட்டா கிழக்கு வலது கைப்பக்கம்தான் மிஸ் வரும். கடல அந்தாண்ட போடணும்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "ஓகோ, இதுதானா அந்த முறை. நாங்க இருக்கும்போதே தைரியமா சொல்லுதே புள்ள. நல்லாத்தான் மேடம் இருக்குது. நீ உக்காரும்மா" என்றார். எச்.எம்.மின் முகம் தொங்கிப்போனது. நான் மூச்சு விட்டேன். ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மோனிஷா உட்காரவில்லை.

"சார், இது வேணும்னு பண்ண தப்பு இல்ல சார்."

"என்னம்மா சொல்ற?"

"வேணும்னு தப்பா எழுதினா, எழுதிட்டு உடனே எங்களத் திரும்பிப் பாப்பாங்க சார். யாரு எந்திரிக்கிறாங்கன்னு. இன்னிக்குத் திரும்பவே இல்ல. எழுதிட்டே போயிட்டாங்க. நெஜமாவே தப்பு பண்ணிட்டாங்க சார்."

எனக்கு அந்தப் பெண்ணின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அந்தம்மா இரண்டடி பின்னால் வந்து போர்டைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். சும்மா ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும். சின்னப் பிள்ளை ஏதோ சொல்கிறது என்று அதிகாரி விட்டிருப்பார். அவர் சிரிக்கப் போகிறார் என்று நான் முழுசாக நம்பினேன். நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"அவ சொல்றது சரிங்க சார்" என்றார். "கடல் இந்தப் பக்கம் இருக்குதுன்னு இந்தப் பக்கமே போட்டுட்டேன். கவனிக்கல. இது என் தப்புதான்."

அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. எச்.எம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "அப்ப இதுக்கு முன்னாடி பண்ணதெல்லாம் வேணும்னுதான் பண்ணீங்கன்னு நாங்க எப்படி மேடம் நம்பறது?"

"நம்ப வேணாம் சார். விசாரிங்க" என்றார் அந்தம்மா. கடலை அழித்து வலது பக்கம் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

விசாரணையெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் கடலை விட்டுத் தள்ளி, உள்பக்கத்து ஊரில் ஏதோ ஒரு பள்ளிக்கு அவரை மாற்றினார்கள். இனி எந்தக் காரணத்துக்காகவும் போர்டில் பிழையானதை எழுதக் கூடாது என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சரி என்றோம். குழுவில் மேகம் வருவது நின்றது. ஒரு சிலர் அவர் நல்லவர் என்றார்கள், பலர் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். நான் யாரையும் இவ்வளவு நாள் சந்தேகப்பட்டு, பிறகு இவ்வளவு மரியாதை வைத்ததில்லை. அதை அவரிடம் சொல்ல வாய்ப்பே கிடைக்காமல் போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு அதிகாரியின் ஜீப் போன பிறகு நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா குழாயடிக்குப் போய் மோனிஷாவின் பக்கத்தில் நின்றார். திட்டப் போகிறாரோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

"தப்புன்னு சொன்னதோட உக்காந்திருக்கலாம்ல. வேணும்னு பண்ணல, நெஜமாவே பண்ணிட்டாங்கன்னு ஏன் சொன்ன?"

மோனிஷா தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நீங்க ஒத்துக்குவீங்களான்னு பாக்கலாம்னுதான் மிஸ்."

அவர் அவள் பக்கம் குனிந்தார். பிறகு கேட்டார்: "ஒத்துக்கலன்னா?"

"அப்புறம் நீங்க எது சொன்னாலும் சரி மிஸ், சரி மிஸ்னு சொல்லிட்டு இருந்திருப்பேன்."